கேஷ் வரிக்கு யார் சொந்தக்காரர்? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை ஒரே நோயைப் பற்றி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நினைவகத்தில் கிடப்பது ஒன்று, நிரல் வாசிப்பது இன்னொன்று. கேஷ் என்பது ப்ரொசெஸருக்கும் நினைவகத்துக்கும் இடையிலுள்ள சிறிய வேக நினைவகம், கேஷ் வரி என்பது அதில் ஒரே தடவையில் ஏறி இறங்கும் துண்டு. டிஎம்ஏ என்பது ப்ரொசெஸரின் கைபடாமலே தரவை நினைவகத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வன்பொருள். போர்டு வேறு, வேலை வேறு, நோய் ஒன்றுதான்.

கேள்வி (கோண்டாவில்): தோட்டக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் பதியும் கருவி ஒன்றை எஸ்டிஎம்32 எஃப்407 மைக்ரோகொன்ட்ரோலர் போர்டில் செய்தேன். நான்கு சென்சர்கள், ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி), சுற்றுமுறை டிஎம்ஏ (அரே நிரம்பியதும் மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுதுவது). பிழையில்லாமல் ஓடியது. அதே நிரலை அதே எஸ்டிஎம்32 குடும்பத்து எச்743 போர்டுக்கு மாற்றியதும் முதலில் எல்லா வாசிப்பும் பூச்சியம். அரேயை வேறு நினைவகத்துக்கு நகர்த்தினேன். எண்கள் வந்தன, ஆனால் ஒரே எண் நெடுநேரம் அசையாமல் நிற்கிறது, பிறகு திடீரெனப் பாய்கிறது. இடையில் ஒரு பிரிண்ட் போட்டால் சரியாகிவிடுகிறது. வயர், கிரவுண்ட் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். அரேக்கு வொலட்டைல் என்றும் போட்டுவிட்டேன். எங்கே பிழை?

பதில்: இரண்டு பிழைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்திருக்கின்றன. வயரில் ஒன்றுமில்லை.

பூச்சியம் வந்ததற்குக் காரணம் அரே டிடிசிஎம் நினைவகத்தில் இருந்தது. ஹெக்ஸ் (பதினறும எண்) முகவரி 20000000இல் தொடங்கும் அந்த 128 கிலோபைட் ப்ரொசெஸருக்கு மிக அண்மையில் இருப்பது. எச்743இல் டிஎம்ஏ1, டிஎம்ஏ2 இரண்டுக்கும் அங்கே போக வழியே இல்லை. எம்டிஎம்ஏ என்ற இன்னொரு டிஎம்ஏ மட்டும்தான் போகும். எஃப்7 வரிசையில் போக முடியும் என்பதால் அங்கிருந்து நிரலைக் கொண்டுவருபவர்களும் இதில் விழுகிறார்கள். மாறிகளுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்குவது லிங்கர்; சில லிங்கர் கோப்புகள் எல்லா மாறிகளையும் கேட்காமலே டிடிசிஎம்மில் போடும். டிஎம்ஏயின் நிலைப் பதிவகத்தில் இடமாற்றப் பிழைக் கொடி எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுந்திருந்தால் கேஷைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முகவரிதான் பிழை. சிப்பின் டி3 பகுதியிலுள்ள பிடிஎம்ஏ என்ற டிஎம்ஏ இதைவிடக் குறுகிய பாதையுள்ளது. எஸ்ரேம்களில் (சிப்பினுள் உள்ள ரேம்) ஹெக்ஸ் 38000000இல் உள்ள எஸ்ரேம்4 போல அந்த டி3 பகுதிக்குள் இருப்பவை மட்டும்தான் அதற்குக் கைக்கெட்டும்.

இரண்டாவது பிழைதான் கேஷ். எஃப்407இல் எஸ்ரேமுக்கு முன்னால் கேஷ் கிடையாது. அங்குள்ள சிறு கேஷ் ஃபிளாஷுக்கு மட்டும் உரியது. எச்743இன் கோர்டெக்ஸ்-எம்7இல் 16 கிலோபைட் தரவுக் கேஷ் உண்டு, அது 32 பைட் வரிகளாகத்தான் வேலை செய்யும். ப்ரொசெஸர் கடை முதலாளியைப் போல, கையிலுள்ள சிட்டையில் குறித்துக்கொண்டு வியாபாரத்தைப் பார்க்கும், பெரிய கொப்பியில் பிறகு ஏற்றும். டிஎம்ஏக்கு அந்தச் சிட்டை தெரியாது. அது நேரே பெரிய கொப்பியில் எழுதும், நேரே அதிலிருந்தே வாசிக்கும். உங்கள் ஏடிசி எண்கள் கொப்பிக்கு ஒழுங்காக வந்து சேர்கின்றன. நிரல் பழைய சிட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிரிண்ட் போட்டதும் அந்த வேலைக்கான தரவுகள் கேஷுக்குள் வந்து உங்கள் அரேயின் வரிகளை வெளியே தள்ளுகின்றன, அடுத்த வாசிப்பு நினைவகத்துக்குப் போகிறது. அவ்வளவுதான். அது மருந்தல்ல. நிரல் கொஞ்சம் வளர்ந்தால் அதுவும் எடுபடாது.

வொலட்டைல் என்ற சொல் கம்பைலருக்கு மட்டும் இடும் கட்டளை: மதிப்பைப் பதிவகத்தில் வைத்துக்கொள்ளாதே, ஒவ்வொரு முறையும் வாசி என்று. அப்படி வாசிக்கும் கட்டளை கேஷிலிருந்து பதில் பெற்றால் கம்பைலர் என்ன செய்யும்?

சரிசெய்ய இரண்டு சொற்கள் வேண்டும். கிளீன் என்றால் கேஷில் மாறிய வரியை நினைவகத்துக்கு எழுதுவது. இன்வலிடேட் என்றால் கேஷில் உள்ள பிரதியைக் கைவிடுவது. டிஎம்ஏக்குக் கொடுக்கும் முன் கிளீன், டிஎம்ஏயிடமிருந்து வாங்கியபின் இன்வலிடேட். ஆர்ம் தரும் சிஎம்சிஸ் நூலகத்தின் தலைப்புக் கோப்பில் முகவரி வாரியாக இரண்டையும் செய்யும் எஸ்சிபி செயற்கூறுகள் இருக்கின்றன.

உங்கள் அரேக்கு வருவோம். நான்கு சென்சர்களை 100 முறை சுற்றி வாசிக்கிறீர்கள் என்று கடிதத்தில் இருக்கிறது. 400 மாதிரி, ஒவ்வொன்றும் 2 பைட், மொத்தம் 800 பைட். பாதி நிரம்பியதும் ஒரு இண்டரப்ட் (ப்ரொசெஸரை இடைமறிக்கும் சமிக்ஞை), முழுதும் நிரம்பியதும் இன்னொன்று. பாதி என்பது 400 பைட். 400ஐ 32ஆல் பிரித்தால் பன்னிரண்டரை. அரே வரியின் தொடக்கத்திலேயே ஆரம்பித்தாலும் 384இலிருந்து 415 வரையான வரி இரண்டு பாதிக்கும் பொதுவாகிவிடுகிறது. இண்டரப்டில் முதல் பாதியை இன்வலிடேட் செய்து வாசிக்கும்போது அந்த வரியோடு அடுத்த பாதியின் முதல் 16 பைட்டும் கேஷுக்குள் வந்து குந்திக்கொள்ளும், டிஎம்ஏ அதை எழுதி முடிக்கும் முன்பே. 128 முறை என்று மாற்றுங்கள்: மொத்தம் 1024 பைட், பாதி 512, சரியாக 16 வரி. அரேயை 32 பைட் எல்லைக்கு நேர்ப்படுத்தி ஹெக்ஸ் 24000000இல் தொடங்கும் ஏஎக்ஸ்ஐ எஸ்ரேமில் வையுங்கள்.

பிறகு ஒழுங்கு இப்படி. டிஎம்ஏயைத் தொடங்கும் முன் முழு அரேக்கும் ஒருமுறை கிளீனும் இன்வலிடேட்டும் சேர்ந்த செயற்கூறு. இதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் தொடக்கத்தில் அரேயைப் பூச்சியமாக்கியிருந்தால் அந்தப் பூச்சியங்கள் இன்னும் கேஷில் அழுக்காக, அதாவது நினைவகத்துக்கு எழுதப்படாத மாற்றமாகக் கிடக்கும், கேஷுக்கு இடம் தேவைப்படும் ஏதோ ஒரு கணத்தில் நினைவகத்துக்கு வந்து புதிய வாசிப்புகளின் மேல் விழும். அதன்பின் ஒவ்வொரு இண்டரப்டிலும் அந்தந்தப் பாதியை மட்டும் இன்வலிடேட் செய்து வாசியுங்கள். அரேக்குள் நிரல் எதையும் எழுதக்கூடாது. சராசரி, திருத்தம் எல்லாவற்றையும் வேறு அரேயில் வைத்துக் கணியுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று: நிமிடத்துக்கு ஒருமுறை கிணறு பார்க்கும் கருவிக்குத் தரவுக் கேஷே தேவையில்லை. அதை இயக்கும் ஒரு வரியை நீக்கிவிட்டாலும் உங்கள் வேலை நடக்கும். கட்டளைக் கேஷ் இந்தச் சிக்கலில் இல்லை, அது ஓடட்டும்.

கேள்வி (கிளிநொச்சி, பொறியியல் மாணவி): யூஏஆர்டி (பிட் பிட்டாக அனுப்பும் தொடர் இணைப்பு) வழியாக 64 பைட் பொதிகளை டிஎம்ஏ மூலம் பெறுகிறேன். என் போர்டு எச்7, அரே இருப்பது ஏஎக்ஸ்ஐ எஸ்ரேமில். இன்வலிடேட் போடாதபோது பொதியின் முதல் 16 பைட் மட்டும் சிலவேளை பழையதாக இருந்தது. இன்வலிடேட் போட்டபின் பொதி சரி, ஆனால் பொதிகளை எண்ணும் மாறி பின்னோக்கிப் போகிறது! 41, 42, 43, பிறகு மீண்டும் 42. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. எந்த மாறி எந்த முகவரியில் என்று லிங்கர் தரும் மேப் கோப்பை இணைத்து அனுப்பியதற்கு நன்றி, விடை அதிலேயே இருக்கிறது. நினைவகப் பகுதியின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் உங்கள் பெறும் அரே 1040ஆம் பைட்டில் தொடங்கி 1103இல் முடிகிறது. எண்ணும் மாறி 1036 முதல் 1039 வரை. கேஷ் வரிகளோ 1024–1055, 1056–1087, 1088–1119. அதாவது எண்ணும் மாறியும் பொதியின் முதல் 16 பைட்டும் ஒரே வரியில் குடியிருக்கின்றன.

இப்போது நடப்பதை மெதுவாகப் பாருங்கள். மாறியை 43 ஆக்குகிறீர்கள். ப்ரொசெஸர் 1024–1055 வரியை முழுதாகக் கேஷுக்குள் எடுத்து, நான்கு பைட்டை மாற்றி, வரி முழுவதையும் அழுக்கு என்று குறிக்கிறது. பொதியின் முதல் 16 பைட்டின் பழைய பிரதியும் அதற்குள்ளேயே. டிஎம்ஏ புதிய பொதியை நினைவகத்தில் எழுதுகிறது. பிறகு கேஷ் அந்த அழுக்கு வரியை வெளியே எழுதினால் பழைய 16 பைட் புதியதன் மேல் விழும். இது உங்கள் முதல் நோய். இன்வலிடேட் செய்தால் வரி முழுவதும் கைவிடப்படும், அதோடு இன்னும் நினைவகத்துக்குப் போகாத 43உம் போய்விடும், அங்கே கிடந்த 42 திரும்பி வரும். இது இரண்டாவது. இன்வலிடேட்டுக்குப் பதில் கிளீனும் இன்வலிடேட்டும் சேர்த்துப் போட்டால்? மாறி பிழைக்கும், பொதி மீண்டும் கெடும். அந்த வரியை இருவர் எழுதும்வரை எந்த மந்திரமும் பலிக்காது.

ஆகவே அரேயின் தலையை மட்டும் 32க்கு நேர்ப்படுத்தினால் போதாது, வாலையும் பாருங்கள். 64 பைட் என்பதால் உங்களுக்கு அதிர்ஷ்டம், இரண்டு வரியில் முடிந்துவிடும். 50 பைட் அரே என்றால் மீதி 14 பைட்டில் லிங்கர் வேறு யாரையாவது கொண்டுவந்து குடியேற்றும். அளவை 32இன் மடங்குக்கு ஏற்றிவிடுங்கள். அரேயை நிரல் ஓடும்போது மல்லொக்கில் வாங்கினால் 32 எல்லைக்கு உத்தரவாதம் இல்லை.

செயற்கூறுக்குள் உள்ள உள்ளூர் அரேயை டிஎம்ஏக்குக் கொடுப்பது இதைவிட மோசம். அது அடுக்கில் (ஸ்டாக்கில்) இருக்கிறது, அதே வரியில் திரும்பும் முகவரி இருக்கலாம். இன்வலிடேட் அதைக் கொண்டுபோனால் செயற்கூறு முடியும் இடத்தில் ஹார்ட் ஃபால்ட், அதாவது ப்ரொசெஸர் மேலே ஓடமுடியாத பிழை. பிழை எங்கேயோ, வெடிப்பது எங்கேயோ. அதே காரணத்தால், நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் கேஷ் முழுவதையும் இன்வலிடேட் செய்யும் செயற்கூறைக் கூப்பிடவே கூடாது.

இன்னொரு சின்ன விடயம். சிஎம்சிஸின் பழைய பதிப்புகளில் முகவரி 32க்கு நேர்ப்படாவிட்டால் கடைசி வரியைத் தொடாமல் விட்டுவிடும். புதியவை அதைக் கணக்கில் எடுக்கின்றன. நேர்ப்படுத்தியே கொடுத்தால் எந்தப் பதிப்பு என்று தேட வேண்டியதில்லை.

கேஷ்தான் காரணமா என்று ஐயம் வந்தால் கெட்ட பைட்டுகளின் முகவரியைப் பாருங்கள். கெடுதல் 32இன் மடங்கில் தொடங்கினால் அல்லது முடிந்தால் அது கேஷின் கைரேகை. மின் இரைச்சல் இப்படி எல்லை பார்த்துக் கெடுக்காது.

கேள்வி (சாவகச்சேரி, உயர்தர மாணவர்): எங்கள் பாடப்புத்தகத்தில் பதுக்கு நினைவகம் வேகத்துக்காக என்று மட்டும் இருக்கிறது. இந்த முரண்பாட்டை வன்பொருளே தீர்க்க முடியாதா? வீட்டுக் கணினியில் இப்படி ஒன்றும் நடப்பதில்லையே?

பதில்: முடியும், வீட்டுக் கணினியில் அப்படித்தான் நடக்கிறது. பாடப்புத்தகத்தின் பதுக்கு நினைவகம்தான் கேஷ்; அந்த எண்ணத்தைப் பிரித்தானியக் கணினி அறிஞர் மொரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதினார். விற்பனைக்கு வந்த கணினியில் முதலில் வந்தது ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85இல், 1968இல் அறிவிக்கப்பட்டது. பல ப்ரொசெஸர்கள் ஒரே நினைவகத்தைப் பகிர ஆரம்பித்ததும் ஒருவர் கேஷில் என்ன வைத்திருக்கிறார் என்று மற்றவர் அறிய வேண்டிவந்தது. ஒவ்வொரு வரிக்கும் நான்கு நிலை கொடுக்கும் மெசி முறை இலினோய் பல்கலைக்கழகத்தில் 1984இல் வெளியானது: மாற்றப்பட்டது, எனக்கு மட்டும் உரியது, பகிரப்பட்டது, செல்லாதது. எக்ஸ்86 கணினிகளில் பிசிஐ அட்டை நினைவகத்தில் எழுதும்போது அந்த முகவரி கேஷில் இருக்கிறதா என்று வன்பொருளே தடவிப் பார்த்துச் சரிசெய்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸில் "தடவிப் பார்க்க வேண்டாம்" என்று கருவி சொல்லக்கூடிய ஒரு பிட்டும் உண்டு, அதைத் தெரியாமல் பாவித்தால் கணினியிலும் இதே கூத்துத்தான். அந்தத் தடவலுக்குச் சிலிக்கனும் மின்சாரமும் செலவாகும். சிறு சிப்புகளில் அதைச் சேர்க்காமல் பொறுப்பை நிரல் எழுதுபவரின் தலையில் வைத்துவிட்டார்கள்.

கேள்வி (நல்லூர்): ஒவ்வொரு இடத்திலும் கிளீன், இன்வலிடேட் போட்டுக் களைத்துவிட்டேன். எம்பியுவில் (நினைவகப் பகுதிகளின் பண்புகளை அமைக்கும் அலகு) அந்த நினைவகத்தைக் கேஷ் ஆகாதபடி செய்தேன். கேஷ் பிரச்சினை போய்விட்டது, ஆனால் மெம்கொப்பி (நினைவகத்தைப் பிரதியெடுக்கும் செயற்கூறு) செய்யும்போது ஹார்ட் ஃபால்ட் வருகிறது.

பதில்: எம்பியுவில் நினைவக வகையைத் தீர்மானிக்கும் டெக்ஸ், சி, பி மூன்றையும் பூச்சியமாக்கியிருப்பீர்கள். அது "கேஷ் ஆகாத சாதாரண நினைவகம்" அல்ல, "கண்டிப்பான ஒழுங்கு" என்ற வேறு வகை. அங்கேயும், கருவி வகை நினைவகத்திலும், எல்லைக்கு நேர்ப்படாத வாசிப்பு எழுத்துக்கு அனுமதியில்லை. மெம்கொப்பி வேகத்துக்காக நான்கு நான்கு பைட்டாக எடுக்கும்போது நேர்ப்படாத முகவரியைத் தொடுகிறது, உடனே ஃபால்ட். உங்களுக்கு வேண்டியது டெக்ஸ் 1, சி 0, பி 0. அது கேஷ் ஆகாத சாதாரண நினைவகம், நேர்ப்படாத வாசிப்பும் நடக்கும்.

எம்பியு பகுதியின் அளவு 2இன் அடுக்காக இருக்க வேண்டும், குறைந்தது 32 பைட், தொடக்க முகவரி அந்த அளவின் மடங்கு. ஹெக்ஸ் 30040000இல் உள்ள எஸ்ரேம்3 இதற்கென்றே அளந்து செய்ததுபோல 32 கிலோபைட். முழுதாக ஒரு பகுதி. லிங்கர் கோப்பில் அதற்குத் தனிப் பிரிவு வைத்து டிஎம்ஏ அரேகளை அங்கே போடுங்கள். அந்த எஸ்ரேமின் கடிகாரத்தை ஆர்சிசியில் (கடிகாரங்களை ஆளும் பகுதி) முதலில் இயக்க வேண்டும். தொடக்க மதிப்புக் கொடுத்த மாறிகளை அங்கே வைத்தால் தொடக்க நிரல் அதை நிரப்பும் நேரத்தில் கடிகாரம் இயங்கியிருக்காது, ஆகவே மதிப்புகளை நிரலுக்குள்ளேயே போடுங்கள். இரண்டு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பெரிய எண் கொண்ட பகுதியின் சொல்தான் எடுபடும். எம்பியுவை அமைத்தபின்தான் கேஷை இயக்குங்கள். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் பண்புகளை மாற்றும் முன் அந்தப் பகுதியைக் கிளீனும் இன்வலிடேட்டும் செய்யுங்கள். இல்லையேல் பழைய அழுக்கு வரிகள் பின்னொருநாள் வந்து விழும்.

நேரெழுத்து முறை, அதாவது எழுதுவதை உடனே நினைவகத்துக்கும் அனுப்பும் ரைட்-த்ரூ, போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அனுப்பும் பக்கத்துக்கு அது சரி, பெறும் பக்கத்துக்கு ஒன்றும் செய்யாது. அத்தோடு கோர்டெக்ஸ்-எம்7இன் பழைய திருத்தங்களில் நேரெழுத்து முறையில் தரவு கெடக்கூடும் என்று ஆர்ம் பிழைத் தாளிலேயே இருக்கிறது, எண் 1259864. நாங்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம்.

எதை எங்கே வைப்பது என்பதில் எங்கள் கை இப்படிப் போகும்: சில நூறு பைட் யூஏஆர்டி, எஸ்பிஐ அரேகள் கேஷ் ஆகாத பகுதிக்கு. கமெரா படம் போல நிரல் திரும்பத் திரும்ப வாசிக்கும் பெரிய அரேக்குக் கேஷை விட்டுவைத்து, கைமாறும் இடத்தில் மட்டும் கிளீனும் இன்வலிடேட்டும்.

கேள்வி (பருத்தித்துறை): எச்743இல் ஈதர்நெட், எல்டபிள்யூஐபி (சிறு கருவிகளுக்கான வலையமைப்பு நூலகம்). பிங் சில தடவை பதில் தருகிறது, பிறகு நின்றுவிடும். வலையில் போகும் பொதிகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் சில பதில்களுக்குள் பழைய பொதியின் பைட்டுகள்.

பதில்: ஈதர்நெட்டில் இரண்டு வகைப் பொருள் உண்டு, இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது. ஒன்று விவரிப்பான் (பொதி எங்கே இருக்கிறது, என்ன நிலை என்று டிஎம்ஏயும் நிரலும் பகிரும் சிறு குறிப்பு), மற்றது பொதி அரே.

விவரிப்பான் ஒவ்வொன்றிலும் வன்பொருள் பார்ப்பது 16 பைட். ஒரு கேஷ் வரிக்குள் ஒன்றுக்கு மேல் அடங்கிவிடும். நீங்கள் ஒன்றின் உரிமைப் பிட்டை (அது இப்போது நிரலுடையதா டிஎம்ஏயுடையதா என்று காட்டுவது) மாற்றிக் கிளீன் செய்யும்போது, பக்கத்து விவரிப்பானில் டிஎம்ஏ சற்றுமுன் எழுதிய நிலையையும் பழையதால் மூடிவிடுவீர்கள். முன்னைய கேள்வியின் எண்ணும் மாறி கதைதான், இங்கே இருவருமே ஓயாமல் எழுதுகிறார்கள். விவரிப்பான்களைக் கேஷ் ஆகாத பகுதியில் வையுங்கள். முகவரியையும் நீளத்தையும் எழுதி, ஒரு டிஎம்பி தடை (நினைவக அணுகல்களின் ஒழுங்கைக் காக்கும் கட்டளை), பிறகு உரிமைப் பிட், பிறகு டிஎஸ்பி (அவை முடியும்வரை காக்கவைக்கும் கட்டளை), கடைசியாக வால் முகவரிப் பதிவகம். இந்த ஒழுங்கு மாறினால் டிஎம்ஏ அரைகுறை விவரிப்பானை எடுத்துக்கொண்டு நின்றுவிடும்.

பெறும் அரேகளை 1536 பைட் என்று வையுங்கள், 48 வரி. பொதி வந்ததும் அதன் நீளத்தை 32இன் மடங்குக்கு ஏற்றி இன்வலிடேட் செய்யுங்கள். இதுவரை பலரும் செய்வார்கள். உங்கள் நோய் அடுத்த படியில் இருக்கிறது. எல்டபிள்யூஐபி பிங் கேள்வி வந்த அதே அரேக்குள்ளேயே வகையை மாற்றி, முகவரிகளைத் திருப்பி, அதையே பதிலாக அனுப்புகிறது. ஆகவே பெறும் அரே என்று நாம் நினைத்ததில் ப்ரொசெஸர் எழுதிவிட்டது. அனுப்பும் முன் பொதிச் சங்கிலியின் ஒவ்வொரு துண்டையும் கிளீன் செய்யாவிட்டால் பழைய பைட்டுகள் வயரில் போகும், வயர்ஷார்க்கில் கண்டது இது. அந்த அரே மீண்டும் பெறும் வரிசைக்குத் திரும்பும்போது அதன் அழுக்கு வரிகள் கேஷில் மீதமிருந்தால் அடுத்த பொதியின் மேல் விழும். ஆகவே அரேயை டிஎம்ஏக்குத் திருப்பிக் கொடுக்கும் இடத்திலும் ஒரு இன்வலிடேட் வேண்டும். வந்தபின் ஒன்று, திருப்பிக் கொடுக்கும் முன் ஒன்று. ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். கோர்டெக்ஸ்-எம்7 நிரல் கேட்காமலே ஊகத்தில் வரிகளைக் கேஷுக்குள் இழுக்கும், இடமாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே. திருப்பிக் கொடுக்கும் முன் செய்யும் இன்வலிடேட் அழுக்கை நீக்குகிறது, பொதி வந்தபின் செய்வது ஊகத்தில் வந்த பழைய பிரதியை.

கேள்வி (சுன்னாகம்): சொந்த எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைக்கக்கூடிய சிப்) வடிவமைப்புக்கு லினக்ஸ் டிரைவர் எழுதினேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையில், கணினியில் வடிவாக ஓடியது. அதையே ப்ரொசெஸரும் எஃப்பிஜிஏயும் ஒன்றாயுள்ள சிங்க்-7000 போர்டில், எஃப்பிஜிஏ நினைவகத்துக்குப் போகும் எச்பி போர்ட் வழியாகப் போட்டால் படத்தில் கோடு கோடாகப் பழைய படம் தெரிகிறது.

பதில்: அந்தக் கோடுகளின் அகலத்தை அளந்து பாருங்கள். சிங்க்-7000இன் கோர்டெக்ஸ்-ஏ9இலும் கேஷ் வரி 32 பைட், சாம்பல் படமென்றால் 32 புள்ளி. கணினி உங்கள் பிழையை மறைத்துக்கொண்டிருந்தது. எச்பி போர்ட்டுகள் கேஷைத் தடவிப் பார்ப்பதில்லை. ஏசிபி என்ற இன்னொரு போர்ட் பார்க்கும்.

டிரைவரில் அரேயைக் கருவிக்கு ஒப்படைக்கும் டிஎம்ஏ மேப் சிங்கிள் இருக்கிறது, திரும்ப வாங்கும் அன்மேப் படம் முழுதும் வாசித்தபிறகு வருகிறது. பிழை அதுதான். மேப் செய்த கணத்திலிருந்து அரே கருவிக்குச் சொந்தம். நீங்கள் வாசிக்க விரும்பினால் அன்மேப் செய்யுங்கள், அல்லது மேப்பிங்கை வைத்துக்கொண்டே சிபியுவுக்காக சிங்க் (ஒத்திசைவு) செய்யும் செயற்கூறைக் கூப்பிட்டு வாசித்து, முடிந்ததும் கருவிக்காக சிங்க் செய்து திருப்பிக் கொடுங்கள். திசையைச் சரியாகக் கொடுங்கள், கருவியிலிருந்து வருவது என்றால் "ஃப்ரம் டிவைஸ்". கெர்னல் அமைப்பில் டிஎம்ஏ ஏபிஐ டீபக் என்ற தெரிவை இயக்கிக் கணினியிலேயே ஓட்டுங்கள். அன்மேப் விடுபட்டது, திசை மாறியது, அடுக்கிலிருந்து கொடுத்தது எல்லாவற்றையும் அங்கேயே பிடித்துக் கத்தும். போர்டைத் தொடாமலே பாதிப் பிழை தீர்ந்துவிடும்.

நினைவகம் வாங்க டிஎம்ஏ அலொக் கோஹரண்ட் பாவித்தால் சிங்க் தேவையில்லை, ஆனால் இந்தப் போர்டில் அது கேஷ் ஆகாத நினைவகத்தைத்தான் தரும். கட்டளை வளையத்துக்கு நல்லது. முழுப் படத்தைப் புள்ளி புள்ளியாக வாசிக்க ஆரம்பித்தால் ஊர்ந்துதான் போகும்.

ஒருவர் உங்களுக்கு டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) டிஎம்ஏ-கோஹரண்ட் என்று சேர்க்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எச்பி போர்ட்டுக்கு அதைச் சேர்க்கவே வேண்டாம். அந்தச் சொல் வன்பொருளை மாற்றாது, கெர்னலிடம் "கேஷைப் பார்க்காதே, வன்பொருள் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லும் உறுதிமொழி மட்டும்தான். பொய் உறுதிமொழி கொடுத்தால் நீங்கள் சரியாகப் போட்ட சிங்க்கும் வெறும் சொல்லாகிவிடும்.

கேள்வி (மானிப்பாய்): ஈஎஸ்பி32க்கும் இதெல்லாம் வேண்டுமா?

பதில்: முதலாவது ஈஎஸ்பி32இல் உள் எஸ்ரேமுக்குக் கேஷ் இல்லை. கேஷ் வெளி ஃபிளாஷுக்கும் பிஎஸ்ரேமுக்கும் (வெளியே இணைக்கும் ரேம்) தான். அதன் டிஎம்ஏ பிஎஸ்ரேமை எட்டாது, ஆகவே டிஎம்ஏக்குத் தகுதியான நினைவகம் என்று குறிப்பிட்டு ஹீப் கேப்ஸ் மல்லொக்கில் வாங்குங்கள், பிரச்சினை முடிந்தது. எஸ்3இல் டிஎம்ஏ பிஎஸ்ரேம் வரை போகும், அங்கே மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் திரும்பி வரும். இன்னொன்று: ஃபிளாஷில் எழுதும்போது கேஷ் நிறுத்தப்படும். அந்த நேரத்தில் ஓடக்கூடிய இண்டரப்ட் நிரல் ஐரேமில் (நிரலுக்கான உள் ரேம்) இல்லாவிட்டால் கேஷ் நின்றிருக்கையில் தொட்டுவிட்டாய் என்று பேனிக் அடித்து மீளியங்கும்.

கேள்வி (திருநெல்வேலி): பஸ் நிலையப் பலகைக்குத் தமிழ் எழுத்துருப் படங்களை குவாட்எஸ்பிஐ (நான்கு தரவுக் கம்பித் தொடர் இணைப்பு) வழியாக இணைத்த வெளி ஃபிளாஷில் வைத்திருக்கிறேன், எச்7இல். புதிய எழுத்துருவை எழுதிச் சரிபார்த்தால் எல்லாம் சரி. ஆனால் திரையில் சில எழுத்துகள் புதிது, சில பழையது. மீளியக்கினால் சரியாகிறது.

பதில்: ஃபிளாஷை எழுதியது குவாட்எஸ்பிஐ பதிவகங்கள் வழியாக, திரைக்கு வாசிப்பது ஹெக்ஸ் 90000000இல் நினைவகம்போலக் காட்டும் முறையில். அந்த முகவரிகளின் பழைய வரிகள் கேஷில் இருப்பதை எழுதும் பக்கம் அறியாது. எழுதி முடித்து நினைவக முறைக்குத் திரும்பியதும் அந்த வீச்சை இன்வலிடேட் செய்யுங்கள். அங்கே எழுதுவது இல்லை என்பதால் அழுக்கு வரிக்குப் பயம் வேண்டாம்.

எழுத்துருவுக்குப் பதில் நிரலையே புதுப்பித்து எஸ்ரேமில் ஏற்றி ஓட்டுவதென்றால் இன்னொரு படி சேரும். தரவுக் கேஷைக் கிளீன், டிஎஸ்பி, கட்டளைக் கேஷை இன்வலிடேட், மீண்டும் டிஎஸ்பி, ஐஎஸ்பி, பிறகுதான் தாவுங்கள். கட்டளைக் கேஷுக்குத் தரவுக் கேஷில் என்ன இருக்கிறது என்று தெரியாது, இரண்டும் ஒரே சிப்பில் இருந்தும்.

பலகை சிலவேளை காரணமில்லாமல் உறைந்து நிற்கிறது என்றும் கடித ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். எழுதும் முறையில் இருக்கும்போது ப்ரொசெஸர் ஊகத்தில் 90000000 பக்கம் ஒரு வாசிப்பை அனுப்பினால் பதில் வராமல் பஸ் உறைந்துவிடக்கூடும். 256 மெகாபைட் முழுவதையும் எம்பியுவில் ஒரு பகுதியாக எடுத்து அணுகல் இல்லை என்று அடையுங்கள். அதன்மேல் உங்கள் ஃபிளாஷின் உண்மையான அளவுக்கு, 8 மெகாபைட் என்றால் 8 மெகாபைட்டுக்கு மட்டும், பெரிய எண் கொண்ட இன்னொரு பகுதியைத் திறந்து வையுங்கள். எழுதும் முறைக்குப் போகும் முன் அதை மூடி, திரும்பி வந்ததும் திறவுங்கள்.